வரதராஜாவின் பெயரில்

இரத்தினசிங்கம் லீக் ஆடத் தொடங்கியது தெரியாமல். இதை அவன் எவரிடமும் மறைத்ததில்லை. சொன்னபோது நம்பியவர்களும் குறைவு.

அவன் வளர்ந்த கண்டியில் றகர் என்றால், ரக்பிக்கு அங்கே அதுதான் பெயர், ஒரே றகர்தான். முட்டை வடிவப் பந்து, இரு முனையிலும் உயரக் கம்பங்கள், பக்கத்துக்குப் பதினைந்து பேர். அதற்கு ஒரு பங்காளி உண்டு, பதின்மூன்று பேர் ஆடுவது, அதன் பெயர் லீக், சிட்னியின் பாதி அதற்காகவே உயிரை விடுகிறது என்பதெல்லாம் அந்த மலைகளை எட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை.

தகப்பன் ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்த லிகிதர், யாழ்ப்பாணத்துக்காரர். மகன் கிரிக்கெட் ஆடுவான் என்று வெள்ளை நீளக் காற்சட்டை தைப்பித்து வைத்தார். மகன் முழங்கால் சேற்றோடு வந்து நின்றான். சிறிய உருவம். ஆனால் ஹாஃப் என்ற இடத்துக்குச் சிறிய ஆள்தான் வேண்டும். இரண்டு பக்கத்துத் தடியர்களும் தலையோடு தலை கோத்து முட்டித் தள்ளுவார்கள். நடுவில் உருட்டிவிட்ட பந்து அத்தனை கால்களுக்கும் இடையே நழுவிப் பின்னால் வரும். அதற்காகக் குனிந்து காத்திருப்பவன் ஹாஃப். இரத்தினசிங்கம் பந்தை அள்ளுகிற அதே அசைவில் பக்கவாட்டில் பாய்ந்து எறிவான். பந்து போன திசையிலேயே தானும் முழு நீளத்துக்கு விழுவான். அதைப் பார்ப்பதற்கென்றே வேலியோரம் வந்து நின்றவர்கள் இருந்தார்கள். அவனுக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கணம். புல்லில் கன்னத்தை வைத்துக் கிடந்தபடி, தான் எறிந்த பந்து கை மாறிக் கை மாறி ஓரத்துக்குப் போவதைப் பார்ப்பான். அவனைத் தாண்டி ஓடும் கால்களின் அதிர்வு நிலம் வழியாகக் காதுக்கு வரும். வேலை முடிந்தது, மிச்சம் மற்றவர்கள் பாடு.

1970இல் ஒரு பொறியியல் பட்டமும் ஒரு கம்பளிக் கோட்டுமாகச் சிட்னிக்கு வந்தான். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அந்த நாட்டின் கதவு அப்போது ஒருக்களித்துத்தான் திறந்திருந்தது. படிப்பை முன்னால் நீட்டிக்கொண்டு உடம்பைச் சரித்து நுழைய வேண்டும். ரயில் பெட்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வரைபட அறையில் வேலை கிடைத்தது. பரமட்டாவுக்குச் சற்று முந்திய கிரான்வில்லில், ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் இருந்தான். வார நாட்களைக் கடத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஊர் செத்துக் கிடக்கும். கடை இல்லை, படம் இல்லை, தெருவில் ஆள் இல்லை.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், கட்டிலில் படுத்திருந்தவனுக்கு விசில் சத்தம் கேட்டது. எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்தான். ரயில் பாதைக்கு அப்பால், ஓடைக்கரையில் ஒரு மைதானம். உயரக் கம்பங்கள். முட்டைப் பந்து. வேலியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

டக் கிரீக் என்ற அந்தக் கிளப்பின் பயிற்சியாளர் கெவின் டோலன், செங்கற்சூளைத் தொழிலாளி. அன்றைக்கு அவருக்கு ஒரு ஆள் குறைந்தது. வேலியில் நின்ற கறுத்த இளைஞனின் கண்ணில் எதையோ கண்டிருக்க வேண்டும்; ஆடியிருக்கிறாயா என்று கேட்டார். ஹாஃப் என்றான் இரத்தினசிங்கம். கெவின் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு ஜேர்சியை எறிந்தார். கொட்டகையில் யாரோ நீட்டிய தாளில் பெயரெழுதிக் கையெழுத்தும் போட்டான். போடும்போது சிரித்துக்கொண்டிருந்தான்.

தன் பக்கத்தில் பதின்மூன்று பேர் நிற்பதைக் கண்டு இன்னும் இருவர் பிந்தி வருவார்கள் என்று நினைத்தான். எதிராளி ஒருவன் அவனை மடக்கி வீழ்த்தியதும், பன்னிரண்டு வயதிலிருந்து பழகியபடி பந்தை உடனே கைவிட்டான். றகரில் விழுந்தவன் பந்தை விட்டேயாக வேண்டும். விட்ட பந்தை எதிராளி எடுத்துக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டான். கெவின் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். விடாதே, பிடி, எழும்பு, பந்தைக் கீழே வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளு. அடுத்த முறை அப்படிச் செய்தான். அவன் எழுந்து நிற்கும்வரை வீழ்த்தியவர்கள் கையை எடுத்துவிட்டுக் காத்து நின்றார்கள். இந்த மைதானத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வேடிக்கையாக இருந்தது. ஆட்டம் முடிந்தபோது உதடு வெடித்திருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

மகேந்திரராஜா பரமட்டாவில் வைத்தியர். கண்டியில் அவனோடு ஒரே அணியில் முன்வரிசையில் முட்டித் தள்ளியவன். இரண்டு வருடம் முந்தியே சிட்னிக்கு வந்துவிட்டான். அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக் குசினியில் இருந்து சோறு தின்றபடி இரத்தினசிங்கம் தன் வீரப்பிரதாபத்தைச் சொன்னான். மகேந்திரராஜாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது.

"எத்தினை பேர் ஆடினவை?"

"பதின்மூண்டு. ரெண்டு பேர் வரேல்லை."

"அவை ஒருக்காலும் வரமாட்டினம். பேர் எழுதிக் குடுத்தனியோ?"

"ஓம்."

"அப்ப முடிஞ்சுது மச்சான்."

முடிந்தது எது என்று அவன் சொல்லித்தான் இரத்தினசிங்கத்துக்குத் தெரிந்தது. போன நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்த சண்டை. ஆட்டத்துக்குப் போனதால் இழந்த கூலியைக் கேட்ட சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைக்காரரும் ஒரு பக்கம், கேட்கக்கூடாது என்ற கனவான்கள் மறுபக்கம். பிரிந்து போனவர்கள் லீக். அன்றிலிருந்து, வளர்ந்த ஒருவன் லீக்கில் கால் வைத்தால் றகர் அவனைத் திரும்பச் சேர்க்காது. காசு வாங்காமல் ஆடினாலும் அப்படித்தான். இந்த நகரத்தில் மட்டுமல்ல, றகர் ஆடுகிற எந்த நாட்டிலும். சாகும்வரை.

"கலியாணமோ இது?" என்று சிரித்தான் இரத்தினசிங்கம்.

மகேந்திரராஜா சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த றகர் கிளப் ஒன்றில் நயமாகப் பேசிப் பார்த்தான். வந்தவன் ஊருக்குப் புதியவன், அறியாமல் செய்துவிட்டான் என்று சொன்னான். பதில் மரியாதையாக வந்தது. முடியாது. பெண்சாதியை வெட்டிப்போட்டு வந்திருந்தாலும் யோசித்துப் பார்த்திருப்பாங்கள் என்றான் மகேந்திரராஜா.

இதில் ஒரு முள் இருந்தது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை, ஆகஸ்ட் மாதத்தில், சிட்னியில் இருந்த இலங்கைக்காரர்கள் கூடி றகர் ஆடுவார்கள். கண்டிப் பள்ளியின் பழைய மாணவர்களும் கொழும்புப் பள்ளியின் பழைய மாணவர்களும். ஊரில் ஆண்டுதோறும் நடந்ததை இங்கேயும் விடவில்லை. முந்தி வந்து சேர்ந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் பெரும்பாலும். சிங்களவர், தமிழர் சிலர். துறைமுகத்துக்கு வடக்கே, பெரிய மரங்களும் பெரிய வீடுகளுமான பகுதியில் ஒரு றகர் கிளப் தன் மைதானத்தைக் கொடுத்தது. விசில் ஊத மத்தியஸ்தரையும் கொடுத்தது. கேட்டது ஒன்றே ஒன்று. லீக்காரன் ஒருவன் கால் வைத்தாலும் மைதானம் கிடையாது.

அந்த ஆகஸ்டிலும் அதற்கடுத்த ஒவ்வோர் ஆகஸ்டிலும் இரத்தினசிங்கம் போனான். ஆடுபவர்கள் இடைவேளையில் சப்புவதற்குத் தோடம்பழம் வெட்டி வாளியில் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றான். எல்லைக்கோட்டில் கொடி பிடிக்கக்கூட அவனை விட முடியாது என்றார்கள். பச்சையும் வெள்ளையுமான ஜேர்சிகள் அவனைக் கடந்து ஓடும். ஹாஃப் ஆடுபவன் ஒவ்வொரு முறையும் பிந்திக் குனிவான், நின்றபடி எறிவான். இரத்தினசிங்கத்தின் கைகள் கோட்டுப் பைக்குள் அசையும்.

அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒருதரம் கண்டியின் பச்சை ஜேர்சியைப் போட்டுக்கொண்டு அந்தக் கால்களுக்குப் பின்னால் குனிய வேண்டும். முழங்கால் போவதற்கு முன்.

இதற்கிடையில் வாழ்க்கை டக் கிரீக்கில் நடந்தது. போனது போயிற்று, ஒரு முறை கெட்டதும் ஒன்றுதான், நூறு முறை கெட்டதும் ஒன்றுதான் என்று அடுத்த ஞாயிறும் போனான். அவர்களுக்கு அவன் பெயர் வாயில் நுழையவில்லை, சிங்கோ ஆக்கினார்கள். எதிர்ப்பக்கத்து ஆதரவாளர்கள் வேலியில் தொங்கிக்கொண்டு வேறு பெயர்களும் வைத்தார்கள். முதல் வருடம் காது எரிந்தது. இரண்டாம் வருடம் ஒருவன், உன் ஊரில் சப்பாத்து உண்டா என்று கேட்டான். உண்டு, உன் பெண்சாதி எனக்கு மாட்டிவிடுவாள் என்று ஓடிக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து டக் கிரீக் அவனுக்காக அடிபடத் தயாராக இருந்தது. தோள்பட்டை எலும்பு ஒருமுறை உடைந்தது. ஒரு காது பூவரசங்காய் போலச் சுருண்டது. அவன் வந்த வருடம் நாலு முறை வீழ்த்தப்பட்டால் பந்து கைமாறும். அடுத்த வருடம் அதை ஆறு ஆக்கினார்கள். ஆறு வரை எண்ணுவது அவன் மூச்சோடு கலந்துவிட்டது. வரைபட மேசையில்கூட ஆறு கோடு போட்டுவிட்டு ஒரு கணம் நிற்பான்.

விமலாதேவி 1973இல் வந்து சேர்ந்தாள். கொழும்பு வெள்ளவத்தைப் பெண். கலியாணத்துக்கு முன் அவனைப் பற்றி அவளுக்குச் சொல்லப்பட்டதில் அந்தச் சுருண்ட காது இல்லை. ஞாயிறுதோறும் கடுங்குளிரில் பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தாள். ஆகஸ்டில் அவனோடு வடக்கே போனாள். முதல் முறை திரும்பி வரும்போது, கிழமைக்குக் கிழமை விளையாடுகிற மனிதன் இதை ஏன் இப்படிப் பார்க்கிறான், அதே பந்துதானே என்று கேட்டாள். அவன் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டான். அவளும் பிறகு கேட்கவில்லை.

கெவினுக்கு நெஞ்சுவலி வந்தபோது, 1975இல், ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடு என்றார்கள். அடுத்த வருடம் முழங்கால் மறுத்தது. பயிற்சியாளனாக மட்டும் நின்றான். அவனிடம் வந்தவர்கள் சூளைக்காரர், ரயில் பட்டறைக்காரர், மால்டாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி, மரக்கறிக் கடை வைத்திருந்த லெபனான்காரன். அவனுக்குக் கத்த வராது. குளிரில் குரல் உடையும். அதனால் செய்து காட்டினான். செவ்வாயும் வியாழனும் பயிற்சி. முதலில் ஒரே ஒரு காரியம்தான். விழு. பந்தை விடாதே. முழங்காலை அடியில் இழு. எழும்பு. முன்னால் பார். பந்தை வை. பாதத்தால் பின்னுக்கு உருட்டு. மாவட்டத்தில் எல்லா அணிகளும் இதை அலட்சியமாகச் செய்தன. பாதிப் பந்து அங்கேதான் தொலைந்தது. டக் கிரீக் தொலைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அவனும் அவர்களோடு விழுந்தான், எழுந்தான், உருட்டினான். மழையில், சேற்றில், வெளிச்சம் போன பிறகும். மூன்றாவது பிரிவில் கிடந்த அணி முதல் பிரிவுக்கு வந்தது. பரமட்டாப் பத்திரிகையில் அவன் படம் வந்தது, பெயரைப் பிழையாகப் போட்டு. கெவின் அதை வெட்டிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்.

அவனுக்கு அது சந்தோசம்தான். ஆகஸ்ட் வந்தால் மட்டும் சாப்பாடு குறையும்.

1978ஆம் வருடத்து ஆகஸ்டில் கண்டி அணியின் ஹாஃப் வரதராஜா மெல்பேர்னில் இருந்தான். வேலை மாறிப் போனவன், ஆட்டத்துக்குக் காரிலேயே வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். வழியில், ஓல்பரி என்ற ஊரில், கார் நின்றுவிட்டது. அங்கேயிருந்து அவன் போன் எடுத்தபோது மகேந்திரராஜா வடக்கே மைதானத்துக்கு வந்து, கிளப்பின் செயலாளரிடம் ஆடுபவர்களின் பெயர்களை, மெல்பேர்னிலிருந்து வரும் வரதராஜா உட்பட, சொல்லியும் முடித்திருந்தான். பதினைந்துக்கு ஒருவர் குறைவு. மாற்று ஆள் இல்லை.

இரத்தினசிங்கம் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தான். மகேந்திரராஜா வந்து அவன் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"இண்டைக்கு நீதான் வரதராஜா."

"விசரோ உனக்கு?"

"பேர் சொல்லியாச்சு. அவங்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம் மச்சான். எட்டு வருசமா உதவாத விசயம், இண்டைக்கு ஒருக்கா உதவட்டும்."

"பிடிபட்டால்?"

"பிடிபட்டால் அடுத்த வருசம் ஒருத்தருக்கும் மைதானம் இல்லை."

கொட்டகைக்குள்ளிருந்து பள்ளிப் பாட்டுக் கேட்டது. சுருதி இல்லாமல், தொப்பை வைத்த மனிதர்களின் குரலில். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ரோல்ஸும் கட்லட்டும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். வருடத்தில் ஒரு நாள். இத்தனை பேருடைய ஒரு நாள். மாட்டேன் என்று சொல்லத்தான் இரத்தினசிங்கம் வாயைத் திறந்தான்.

"ஜேர்சி எங்கை?" என்றான்.

மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்றிக்கொண்டு விமலாதேவியிடம் போனான். அவள் காரில் எப்போதும் கிடக்கும் அவனுடைய நீலப் பழைய காற்சட்டையையும், வரதராஜாவின் பெரிய ஜேர்சியில் மடித்துவிட்ட கைகளையும் பார்த்தாள். வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

"பல்லைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள்.

முதல் முட்டலில் பந்து கோணலாக வந்தது. உதைத்து வெளியே தள்ளினான். பதினைந்து பேருக்கு நடுவில் இடமே இல்லாதது போலிருந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண் தேடியது. கொழும்புக்காரர்கள் இரண்டு முறை கோட்டைத் தாண்டினார்கள். மகேந்திரராஜா தன் பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, நாங்கள் தள்ளுறம், நீ பாத்துக்கொள் என்று மூச்சு வாங்கினான்.

அடுத்த முட்டலில் தள்ளினார்கள். எட்டு நடுவயது முதுகுகள் ஒரு கணம் ஒரே முதுகாயின. பந்து கால்களுக்கிடையே வழுக்கி, கடைசிக் குதிக்காலைத் தொட்டு, அவன் நினைத்த இடத்துக்கு வந்தது. அவன் யோசிக்கவில்லை. அள்ளினான், பாய்ந்தான், கைகள் திறந்தன. பந்து சுழன்று, தாழ்வாக, நீளமாகப் போனது. அவன் விழுந்தான். கன்னத்தில் புல் குளிர்ந்தது. பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதை, பிறகு இன்னொன்றுக்குப் போவதை, நிலத்தோடு நிலமாகக் கிடந்து பார்த்தான். கால்கள் அவனைக் கடந்து ஓடின. கண்டி அணியில் ஓரத்தில் ஆடிய பல்வைத்தியர் ஒருவர் பந்தை நழுவவிட்டார். அதனால் ஒன்றுமில்லை. இரத்தினசிங்கம் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிடந்தான்.

அதோடு நின்றிருக்கலாம்.

இடைவேளைக்குச் சற்று முன் பந்து மறுபடி கைக்கு வந்தபோது பக்கத்தில் ஒரு வெளி தெரிந்தது. எறியாமல் ஓடினான். கொழும்புப் பக்கத்துக் காப்புறுதி ஏஜண்ட் ஒருவர், பறங்கியர், பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டி வீழ்த்தினார்.

அப்போது அது நடந்தது. கைகள் பந்தை நெஞ்சோடு இறுக்கின. முழங்கால் அடியில் வந்தது. எழுந்து நிமிர்ந்து எதிர்க் கம்பங்களைப் பார்த்து நின்றான். குனிந்து பந்தைப் புல்லில் வைத்தான். வலது பாதத்தை அதன்மேல் மெதுவாக வைத்துப் பின்னுக்கு உருட்டினான். சுத்தமாக, அவசரமில்லாமல், செவ்வாயும் வியாழனும் செய்து காட்டுவது போலவே.

பின்னால் எடுக்க யாரும் இருக்கவில்லை. பந்து கொஞ்சத் தூரம் உருண்டு நின்றது. சுற்றி நின்ற ஒருவரும் அசையவில்லை. றகரில் அப்படி ஒரு காரியம் கிடையாது. எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகுதான் இரத்தினசிங்கத்துக்குத் தான் செய்தது விளங்கியது.

விசில் ஒலித்தது.

மத்தியஸ்தர் உயரமான கிழவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தவறு என்று கையைக் காட்டினார். பந்தை வைக்கவேண்டிய இடத்தைக் குதிக்காலால் கீறுவது போலக் கிட்ட வந்தார். உதடு அதிகம் அசையாமல், எந்தக் கிளப் என்று கேட்டார்.

வரதராஜா என்ற பெயர் நாக்கில் தயாராக இருந்தது. மெல்பேர்ன், கார், எல்லாம் இருந்தது.

"டக் கிரீக்" என்றான்.

கிழவர் தலையைத் தூக்கவில்லை. அதை இவ்வளவு ஒழுங்காகச் செய்ய உனக்கு யார் பழக்கியது என்று கேட்டார். நான்தான் பழக்குகிறேன் என்றான் இரத்தினசிங்கம். கிழவர் வேலிப் பக்கம் பார்த்தார். கிளப்பின் பெரியவர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்து இந்தப் பக்கம் பார்த்தார்.

உன் கால் பிசகிவிட்டது என்றார் மத்தியஸ்தர்.

இரத்தினசிங்கத்துக்கு விளங்கவில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

இல்லை, விழுந்ததில் கால் பிசகிவிட்டது, தலையும் கொஞ்சம் கலங்கிவிட்டது, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டாய், நான் பார்த்தேன் என்றார் கிழவர். இனி ஆட முடியாது. நொண்டிக்கொண்டு போ.

இரத்தினசிங்கம் நொண்டிக்கொண்டு போனான். வேலியோரம் கைதட்டினார்கள்.

இடைவேளையில் மகேந்திரராஜா வைத்தியனாக வந்து குந்தி அவன் கணுக்காலை அமத்திப் பார்த்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கனநேரம் அமத்தினான்.

"ஏன்ரா எழும்பினனீ? விழுந்த இடத்திலை கிடந்திருக்கலாமே."

"நான் எழும்பேல்லை மச்சான்" என்றான் இரத்தினசிங்கம். "அது எழும்பிட்டுது."

மகேந்திரராஜா அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தேவையில்லாமல் கட்டுத் துணியை எடுத்துக் கணுக்காலில் இறுக்கமாகச் சுற்றினான்.

மிச்ச ஆட்டத்தை ஒரு மடக்குக் கதிரையில் காலை நீட்டியபடி பார்த்தான். பதினாலு பேரோடு ஆடிய கண்டி தோற்றது. கிளப்பின் செயலாளர், நல்ல மனிதர், தானே உள்ளே போய்ப் பனிக்கட்டி எடுத்து வந்தார். மிஸ்டர் வரதராஜா, அந்த ஒரு எறிதல், அப்படி ஒன்றை நான் பார்த்துக் கனகாலம் என்றார். நீங்கள் இங்கே கிழமைதோறும் ஆட வேண்டும், எங்கள் இரண்டாம் அணிக்கு ஒரு ஹாஃப் தேவை, மெல்பேர்னிலிருந்து திரும்பி வருகிற எண்ணம் உண்டா என்று கேட்டார். இரத்தினசிங்கம் நன்றி சொன்னான். யோசிக்கிறேன் என்றான். அவர் நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பிறகு அந்த மாலை முழுவதும் நொண்ட வேண்டியிருந்தது. விஸ்கிக்கு நொண்டினான், ரோல்ஸுக்கு நொண்டினான். பள்ளிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நல்லெண்ணெய் சுடவைத்துப் போடும்படி ஒரு அன்ரி விமலாதேவிக்குச் சொன்னார். உப்பு ஒத்தடம்தான் சரி என்றார் இன்னொருவர். விமலாதேவி இரண்டுக்கும் தலையாட்டினாள். மத்தியஸ்தர் தன் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவனைக் கடந்தார், பார்க்கவில்லை. மைதானம் அடுத்த வருடமும் உண்டு என்று செயலாளர் எழுந்து அறிவித்தார். மகேந்திரராஜா எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினான்.

விமலாதேவிதான் காரை ஓட்டினாள். ரைட் என்ற புறநகரைத் தாண்டும்போது சொன்னாள்.

"ரெண்டு காலையும் மாத்தி மாத்தி நொண்டினீங்கள்."

"ஆரும் கண்டவையோ?"

"நான் கண்டனான்."

விளக்குகள் வந்து வந்து போயின. நாளைக்கு டக் கிரீக்குக்கு ஆட்டம் இருந்தது. மால்டாத் தம்பிக்கு விரல் சரியாகிவிட்டதா என்று கெவினுக்குப் போன் எடுத்துக் கேட்க வேண்டும்.

"அந்த ஒருக்கா எறிஞ்சுபோட்டு விழுந்தீங்களே" என்றாள். "ஏன் அவ்வளவு நேரம் கிடந்தனீங்கள்? அடிபட்டுப் போச்செண்டு பயந்திட்டன்."

"அடிபடேல்லை."

"பிறகு?"

அவன் யோசித்தான். ஐந்து வருடத்துக்கு முன் இதே வீதியில் அவள் வேறொன்று கேட்டு, அவன் சொல்லாமல் விட்டது அவளுக்கு நினைவிருக்குமா தெரியவில்லை.

"எழும்பத் தேவையில்லை றகரிலை" என்றான். "எறிஞ்சுபோட்டுக் கிடக்கலாம்."

விமலாதேவி தலையைத் திருப்பி அவனைப் பார்த்துவிட்டு மறுபடி வீதியைப் பார்த்தாள். விளங்கியதா என்று அவன் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றது. கிரான்வில் தெரு வெறுமையாக இருந்தது. எதிர்வீட்டுத் திரைகளும் மூடியிருந்தன. இரத்தினசிங்கம் இறங்கிப் படலையைத் திறந்து, சீமெந்துப் பாதையில் நடந்தான். இடது காலை இழுத்து, வலது காலில் பாரம் கொடுத்து, ஒவ்வொரு அடியாக. கணுக்காலில் மகேந்திரராஜாவின் கட்டு இருந்தது. விமலாதேவி வெறுந் தட்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாதை இரண்டு பேருக்கு அகலம்தான். அவள் முந்திப் போகவில்லை.